முதல்வர் (பொறுப்பு)

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது
ஒலிப்பதிவு வைக்கக் கூடாதென்று
முதல் வருடமே தெரிந்துகொண்டோம்.
நீடாமங்கலத்தில் அது எப்போது திறந்திருக்கும்
என்பது வேறு கேள்வி.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
செய்தி வாசிக்கும் பிள்ளைகள்
பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு
என்னைப் பார்ப்பார்கள்.

பள்ளி நடப்பது பழைய உரக் கிடங்கில்.
மழை நாளில் சுவர் யூரியா வாடை விடும்.
திட்ட அறிக்கையில் ஒலிக்கூடம் என்றெழுதிய அறையில்
ஒருமுறை கைதட்டினால்
மூன்று முறை பதில் வரும்.
ஒலி உறிஞ்சும் பலகைக்குக் கேட்ட தொகை
அடுத்த நிதியாண்டில் என்றார்கள்.
அணை திறந்த செய்தி வந்து எத்தனையாவது நாள்
கடைமடையில் கால் நனையும்?
அரசாணைக்கும் எங்கள் வங்கிக் கணக்குக்கும்
அதே தூரம்.

கொள்முதல் நிலையத்தில் கிழிந்த சாக்கு கிடைக்கும் என்றவன்
ஒளிப்பதிவுப் பிரிவு ஆரோக்கியதாஸ்.
நூற்று நாற்பது சாக்கு.
உமி திணித்துத் தைத்து, சுவர் முழுக்க ஆணியடித்தோம்.
அன்றுதான் அறை வாயை மூடியது.

தணிக்கைக் குறிப்பு, பத்தி ஒன்பது:
‘சாக்கு, 140. ஊடகப் பயிற்சிக்கும்
இக்கொள்முதலுக்கும் உள்ள தொடர்பு
விளக்கப்படவில்லை.’
வந்தவரை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி
கைதட்டச் சொன்னேன்.
தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.
பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.
பத்தி ஒன்பது அப்படியேதான் இருக்கிறது.

வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் கருவி தந்தார்கள்.
ஐப்பசி முழுக்க அது
வேம்பரசியை யாரென்று கேட்டது.
நாற்று பறித்த விரலில் ரேகை தேய்ந்திருந்தது.
கணக்குப்படி அந்த மாதம் அவள் வந்தது நான்கு நாள்.
உதவித்தொகை நான்கு நாளுக்கு.
நான் பார்த்தவரை
இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்கச் சொல்லி
துரத்த வேண்டியிருந்தது அவளைத்தான்.

தை கடைசியில் அவள் இறுதிப் பயிற்சிக்கு
கொள்முதல் நிலையத்தை எடுத்து வந்தாள்.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் கேட்கும் குரல்.
முகம் இல்லை, குரல்தான்.
அது யார் குரலென்று
வட்டாரத்தில் தெரியாத காது கிடையாது.
மாவட்டத் தலைநகரிலிருந்து போன் வந்தது.
‘அரசுப் பணத்துல படிச்சுக்கிட்டு
அரசாங்கத்தையேவா மேடம்?’
கேட் மூடியிருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை என்றேன்.
கேட் திறந்துதான் இருந்தது.

அன்றிரவு சாக்கு அறையில் தனியே உட்கார்ந்து
இருபத்திரண்டு விநாடியை
நானே வெட்டினேன்.
அடுத்த வருட மானியம், பதினேழு பிள்ளைகள்,
இரண்டு தற்காலிக ஆசிரியர்கள்
என்று எனக்கு நானே எண்ணிச் சொன்னேன்.

காலையில் அவள் காதணியை மாட்டிக் கேட்டாள்.
கோபப்படுவாள், அழுவாள் என்று
பதில் தயாரித்து வைத்திருந்தேன்.
‘இந்த எடத்துல வெட்டு தட்டுது மேடம்.
மூச்சு முடிஞ்ச பொறவு வெட்டணும்னு
நீங்கதான சொன்னீங்க’ என்றாள்.
யார் வெட்டியது என்று கேட்கவே இல்லை.

மார்ச் முப்பத்தொன்று.
பயன்பாட்டுச் சான்றிதழ் மேசையில்.
‘ஒதுக்கப்பட்ட நிதி
எந்நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ
அந்நோக்கத்துக்கே செலவிடப்பட்டதெனச் சான்றளிக்கிறேன்.’
ஆறு வருடம் படிக்காமல் போட்ட கையெழுத்து.
பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன்.
இருபத்திரண்டு விநாடியை எடுத்த இடத்தில் ஒட்டினேன்.
மூச்சோடு மூச்சு சேர
நாலு முறை தவறியது எனக்கு.
கை மறந்திருந்தது.

வெளியே சரக்கு ரயில்
எஞ்சினைத் திருப்பிக்கொண்டிருந்தது.
திரும்பி வந்து கையெழுத்திட்டேன்.
கீழே முதல்வர் என்றெழுதி,
அடைப்புக்குறி போட்டு,
உள்ளே எழுத வேண்டியதை எழுதினேன்.
போன் அடித்தது.
இந்த முறை கேட் மூடித்தான் இருந்தது.
எடுத்தேன்.